ஆளில்லாத படம்

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடியும் நிராகரித்துவிட்டார்கள். வந்த கோபத்தில் சாதத்தை அடிபிடிக்க விட்டுவிட்டேன். குக்கரைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் வலிக்கிறது.

ஜனவரியில் மழை விட்ட மறுநாள் காலை, மேம்பாலத்தில் நின்று எடுத்த படம் அது. முன்னால் மூடிக் கிடக்கிற ராஜவல்லி மில்லின் மணிக்கூண்டு, அதை ஒட்டி நாங்கள் குடியிருக்கிற மில் தொழிலாளர் குவார்ட்டர்ஸ், பின்னால் பாதி மேகத்தில் மலை. கோயமுத்தூரை இவ்வளவு அழகாக எவரும் எடுத்ததில்லை என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். வேறு யார் வந்து மெச்சப்போகிறார்கள்?

இணையத்தில் படம் விற்கிற அந்தத் தளத்துக்காரர்களுக்கு மலையும் கண்ணில் படவில்லை, மேகமும் படவில்லை. காரணம் மட்டும் வரிசையாக எழுதுகிறார்கள். மணிக்கூண்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் தெரிகிறதாம். துணிக்கொடியில் முத்திரைகள் தெரிகின்றனவாம். கட்டடம் தனியார் சொத்து, உரிமையாளரின் அனுமதி இல்லையாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் மாடி ஜன்னலில் அடையாளம் தெரிகிற ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய சம்மதக் கடிதம் எங்கே என்று கேட்கிறார்கள்.

அந்த மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு நாச்சிமுத்தண்ணன். வாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. காலையில் அவர் மனைவி மயிலக்கா நாற்காலியோடு ஜன்னலோரம் நகர்த்திவிட்டால் இருட்டுகிறவரை அங்கேதான் இருப்பார். கீழே இறங்கி ஆறு வருஷம் ஆயிற்று.

இதையே செய்திப் படம் என்று போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஆள் இருக்கலாம், பெயர் இருக்கலாம், துணி காயலாம். உள்ளது உள்ளபடி விட்டுவிட்டு, எங்கே எப்போது எடுத்தது என்று உண்மையாக எழுதினால் முடிந்தது. ஆனால் கோயமுத்தூர்க் குவார்ட்டர்ஸைச் செய்திப் படமாக எவன் வாங்குவான்? விளம்பரத்துக்குப் போகிற வணிக உரிமத்தில் வைத்தால்தான் விற்கும். அதற்கு ஊரைக் கழுவித் துடைத்துத்தான் கொடுக்கவேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சம்மதப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு மயிலக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அண்ணனுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் எடுத்த படத்துல அண்ணன் இருக்கறாரு. ஒரு கையெழுத்து வேணும். கைநாட்டா இருந்தாலும் ஒத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"ஏனம்மணி, வாயி இத்தனை கோணையாவா தெரியுது?"

"அத்தனை தூரத்துல எடுத்ததுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுதல்ல?" போனைத் திருப்பிக் கொடுத்தார். "மில்லுல இவிய ஆளுககிட்ட வேலை வாங்கற ஜாபரா இருந்தப்ப, மீசையை முறுக்கிட்டு வந்தாங்கன்னா ஒரு ஷிப்டே நிமிந்து நிக்கும். இந்தக் கோலத்துல ஊரு உலகம் பூரா பாக்கோணுமா? வேண்டாஞ் சாமி. அழிச்சுப் போடு."

அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. வெளியே பார்த்தபடியே இருந்தார். அவருக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும் என்று அக்காதான் அடிக்கடி சொல்வார். அது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் தண்ணீர் வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாள் முழுக்க உட்கார்ந்து முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. பிரமாதமாகவே வந்திருக்கிறது, நான் எதற்குத் தன்னடக்கம் காட்டவேண்டும்?

அண்ணன் இருந்த ஜன்னலுக்குப் பக்கத்து ஜன்னல் என்னுடையது, எப்போதும் சாத்தியேதான் இருக்கும். அதையே நகலெடுத்து அவர் மேல் ஒட்டினேன். வெளிச்சம் இடது பக்கமிருந்து வருவதால் நிழலை மட்டும் கொஞ்சம் திருத்தினேன். கொடியில் ஒரு பள்ளிச் சீருடை, ஒரு பனியன் கம்பெனி முத்திரை. ஒவ்வொன்றாகப் பொறுக்குவது பெரிய ரோதனை என்று கொடியையே எடுத்துவிட்டேன். எங்கள் குவார்ட்டர்ஸ்காரர் ஆறுச்சாமியண்ணன் நடையில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவரும் போனார், தண்ணீர்க் குடங்களும் போயின. கடைசியில் மணிக்கூண்டில் மில்லின் பெயர். பெயர் போனதும் அனுமதிப் பிரச்சினையும் தானாகப் போய்விட்டது. பெயரில்லாத கட்டடம் வெறும் ஊர்க்காட்சி, அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம்.

ஸ்டூடியோவில் பதினாலு வருஷம் கல்யாணப் படங்களைத் திருத்தி டச்சிங் பார்த்த கை இது. முதலாளி ஆயிரம் குறை சொல்வார், என் கையை மட்டும் குறை சொன்னதில்லை.

பிறகு தலைப்பும் குறிச்சொற்களும் போட்டேன். 'கைவிடப்பட்ட' என்று தேடுகிறவர்கள் அதிகம் என்று தளமே காட்டுகிறது. 'யாருமில்லை' என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் போடுகிற சொல். விளம்பரக்காரர்களுக்கு ஆளில்லாத படம்தான் பிடிக்கும், மேலே தங்கள் எழுத்தைப் போட்டுக்கொள்ள வசதி. நானும் போட்டேன். 'கைவிடப்பட்ட அடுக்குக் குடியிருப்பு, கோயமுத்தூர், ஜனவரி. யாருமில்லை.'

லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது. வெயிலில் வைக்கவேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

மார்ச் 14, வெள்ளி

விற்றுவிட்டது. பெரிய உரிமமாகவே எடுத்திருக்கிறார்கள். வாங்கியது பெங்களூரில் யாரோ. யார், எதற்கு என்றெல்லாம் நமக்குச் சொல்லமாட்டார்கள்.

மைசூர்பா வாங்கி மாடி முழுக்கக் கொடுத்தேன். நாச்சிமுத்தண்ணன் இடது கையால் வாங்கிக்கொண்டார். பாதி வாய்க்குள் போயிற்று, பாதி சட்டையில் உதிர்ந்தது.

"எதுக்கம்மணி இனிப்பு? கல்யாணங் கில்யாணம் ஒத்துக்கிட்டயா?" என்றார் மயிலக்கா.

"நாப்பத்தோரு வயசுல எவன் வாரான்? படம் பெங்களூருக்கு வித்துப் போச்சுக்கா."

"அந்த மலைப் படமா? பாத்தீங்களா," என்று அண்ணனிடம் திரும்பினார், "நம்ம வூட்டு ஜன்னலு பெங்களூருக்குப் போகுதாமா."

அண்ணன் மென்றுகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் ஆறுச்சாமியண்ணன் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி நோட்டீஸைக் காட்டினார். குவார்ட்டர்ஸ் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மில் நிர்வாகம் நிலத்தை விற்கப்போகிறது. கட்டடம் எந்நேரமும் இடிந்து விழும், அதில் நெடுநாளாக எவரும் குடியில்லை, விற்பனைச் செய்தி தெரிந்த பிறகு மார்ச் மாதத்தில்தான் ஆட்கள் வந்து புகுந்துகொண்டார்கள், ஆகவே உடனே காலி செய்து இடிக்க உத்தரவு வேண்டும் என்று மனு போட்டிருக்கிறார்கள்.

மார்ச்சில் வந்தோமாம்! நான் இந்த வீட்டில்தான் பிறந்தேன். என் அப்பா இந்த வீட்டில்தான் செத்தார். மில்லை மூடினபோது, தொழிலாளர் கணக்கு தீர்கிறவரை குடியிருக்கலாம் என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. தொடர்ந்து குடியிருந்தால்தான் அந்த உரிமை. நடுவில் விட்டுப் போயிருந்தால் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மனு.

"கரண்டு பில்லு நம்ம பேருல இல்ல. ரேஷன் கார்டுல விலாசம் இருந்தா குடியிருந்ததா ஆயிருமாங்கறானுக," என்றார் ஆறுச்சாமியண்ணன். "இருக்கட்டும். இருபத்தோரு குடும்பம் நின்னு சொன்னா எவன் இல்லைங்கறது?"

மயிலக்கா ஒன்றுதான் கேட்டார். "இவியளை எப்படி ஆறுச்சாமி கீழ எறக்கறது? ஜன்னலும் இல்லாத வூட்டுக்குக் கொண்டுபோய் எங்க உக்கார வெக்கறது?"

ஏப்ரல் 24, வியாழன்

எங்கள் வக்கீல் நிர்வாகத்தின் ஆவணங்களை நகல் வாங்கி வந்தார். பெங்களூரில் ஒரு கட்டட நிபுணர் அறிக்கை எழுதியிருக்கிறார். ஆள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதில் ஒரு படம் போட்டிருக்கிறாராம். ஜனவரியில் எடுத்ததாம், ஜன்னலெல்லாம் சாத்தி, ஒரு துணிகூடக் காயாமல், ஈ காக்கை இல்லாமல் இருக்கிறதாம். மேம்பாலத்திலிருந்து யாரோ எடுத்தது போலத் தெரிகிறது.

எல்லோரும் ஆறுச்சாமியண்ணன் வீட்டில் கூடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எவனோ கூலிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான், கையில் கிடைத்தால் தோலை உரிக்கவேண்டும் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

தலை வலிக்கிறது. மல்லித்தழை வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

அது என் படம்.

இந்த ஒரு வரியை எழுதக் காலையிலிருந்து இவ்வளவு நேரம் ஆயிற்று. நேற்று அந்த நகலைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நாச்சிமுத்தண்ணனின் ஜன்னலில் என் ஜன்னலின் கீறல் அப்படியே இருக்கிறது. மற்றவர்கள் ஆளைத்தான் தேடினார்கள், கீறலைப் பார்க்கவில்லை.

தளத்துக்கு எழுதினேன். படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இது உண்மை நிலவரமல்ல, ஒரு வழக்கில் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள் என்று கெஞ்சினேன். உடனே பதில் வந்தது. இனி விற்காமல் நிறுத்தலாம், விற்ற உரிமம் விற்றதுதான். தலைப்பும் குறிச்சொற்களும் சரியானவை என்று உறுதி கொடுத்தது நீங்கள்தான் என்று வேறு நினைவுபடுத்துகிறார்கள். நன்றியும் சொல்கிறார்கள், பாவிகள்.

சாயங்காலம் ஆறுச்சாமியண்ணனிடம் போய்ச் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நீயா அம்மணி?" என்றார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சரி போ, செஞ்சது செஞ்சாச்சு. அசலு உன்கிட்ட இருக்குதல்ல?"

"இருக்குதுங்கண்ணா. எல்லாரும் இருக்கறீங்க அதுல."

"அப்பறமென்ன? அதைக் கொண்டாந்து விசாரிக்கற ஆபீசர் முன்னால வெய்யி. நாம பொழைச்சோம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அசல் இருக்கிறது. இந்த வாரத்தில் இன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

மே 6, செவ்வாய்

விசாரணை.

மயிலக்கா அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தார். பின் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்.

நான் அசல் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதிகாரி குனிந்து பார்த்தார். ஜன்னலில் அண்ணன், கொடியில் சீருடை, பல் விளக்குகிற ஆறுச்சாமியண்ணன். "இவ்வளவு பேர் இருக்காங்களே," என்றார். எனக்கு மனசு ததும்பிப் போயிற்று. முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நிர்வாகத்தின் வக்கீல் எழுந்தார். சின்ன வயது. குரலே உயர்த்தவில்லை.

"அம்மா, ஆள் இல்லாத அந்தப் படத்தைத் தயார் பண்ணினது நீங்கதானே?"

"ஆமாங்க. விக்கறதுக்கு அப்படித்தான் பண்ணோணுங்க, ரூல்ஸ்."

"'கைவிடப்பட்ட'ன்னு எழுதினது?"

"நானுங்க."

"'யாருமில்லை'ன்னு?"

"அது எல்லாரும் போடறதுங்க. தேடறவங்களுக்குக் கெடைக்கறதுக்காக..."

"எழுதினது நீங்களா இல்லையா?"

"நானுங்க."

"சரி. யார் சொல்லி அந்த ஜன்னல்ல இருந்தவரை எடுத்தீங்க?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மயிலக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"யாருஞ் சொல்லலைங்க. நானாத்தான்."

"ஒரு ஆளை எடுத்தா எடுத்த இடமே தெரியாத அளவுக்கு வேலை தெரியும் உங்களுக்கு. ஒரு ஆளைக் கொண்டாந்து வைக்கவும் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வரவில்லை. கல்யாணத்துக்கு வராத தாய்மாமனை எத்தனை ஆல்பத்தில் வரவழைத்திருக்கிறேன்! செத்துப்போன அப்பாக்களை மணமேடையில் நிற்க வைத்திருக்கிறேன்.

"தெரியுங்க," என்றேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் நாக்கை அறுத்துப் போட.

"படத்துல இருக்கிற தேதியை மாத்த முடியுமா?"

"...முடியுங்க."

கேமரா எடுத்தபடியே சேமிக்கிற, எவரும் திருத்த முடியாத மூலக் கோப்பு இருந்திருந்தால் கதை வேறு. கார்டில் இடம் போதாதென்று நான் எப்போதும் சுருக்கிய படமாகத்தான் எடுப்பேன். அதையும் கேட்டார்கள், அதையும் சொன்னேன். வக்கீல் உட்கார்ந்துகொண்டார். அதிகாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எதை நம்பறதும்மா நான்?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.



மே 7, புதன்

மயிலக்கா கதவைத் திறக்கவில்லை. தோசையை மூடி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தபோது காக்காய் கொத்திக்கொண்டிருந்தது.

ஜூன் 2, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. இம்மாதம் இருபதுக்குள் காலி செய்யவேண்டும். இருபத்தோரு குடும்பமும் சொன்னது தங்கள் லாபத்துக்காகச் சொன்னதாம், தொடர்ந்து குடியிருந்ததற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று எழுதியிருக்கிறது. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். செய்கிறவரை இடிக்காமல் வைத்திருப்பார்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. குழாயடியில் நான் போனால் வழிவிடுகிறார்கள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் 18, புதன்

இன்று நாச்சிமுத்தண்ணனைக் கீழே இறக்கினார்கள். சூலூர் தாண்டி ஒரு தகரக் கொட்டகை வீடு பார்த்திருக்கிறார்கள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். படிக்கட்டு குறுகல், திருப்பத்துக்குத் திருப்பம் கீழே வைத்துவைத்து எடுத்தார்கள். நான் முன்னால் போய் விளக்குப் பிடித்தேன். அண்ணன் இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றார். மயிலக்கா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். தன் ஜன்னலைத் தேடினார் என்று நினைக்கிறேன். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. மினி லாரிக்காரர் நேரமாகிறது என்றார்.

மயிலக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு கோபம் என் மேல். நியாயம்தான்.

நான் நாளை பீளமேட்டில் ஒரு விடுதிக்குப் போகிறேன். பழைய ஸ்டூடியோவிலேயே திரும்பச் சேர்ந்தாயிற்று. கட்டிலை விற்றுவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

காலையில் ஆறுச்சாமியண்ணன் போன் செய்தார். நாச்சிமுத்தண்ணன் போய்விட்டார். அங்கே போனதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். "பிளக்ஸ் போடோணும் அம்மணி, கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வா," என்றார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணனின் மில் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். முறுக்கின மீசை, நேரான பார்வை. இதையே போடலாம், ராஜா மாதிரி இருக்கிறார் என்றார்கள். நான் உள்ளே போனேன். உட்காரவா நிற்கவா என்று தெரியவில்லை.

மயிலக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அது வேண்டாம். ஜன்னல்ல உக்காந்திருப்பாங்கல்ல, அந்தப் படம் இருக்குதா?"

கணினியைத் தரையில் வைத்து அசலைத் திறந்தேன். ஜன்னல் வரைக்கும் வெட்டிப் பெரிதாக்கினேன். முகம் கலங்கலாகத்தான் வந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்ன நினைத்தேனோ, கை பழக்கத்தில் கருவியை எடுத்து உதட்டை நேராக்க ஆரம்பித்துவிட்டேன்.

மயிலக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் அம்மணி. கோணை இருக்கட்டும்."

"சரிக்கா."

"அன்னைக்கு நான் அழிச்சுப் போடுன்னு சொன்னேனல்ல. அது இவியளுக்குக் கேட்டுது." அக்கா அழவில்லை, மெதுவாகச் சொன்னார். "அப்பறம் மூணு நாளு ஜன்னல்கிட்டப் போகமாட்டேனுட்டாங்க. நாற்காலிய நகத்துனா சொவுத்தைப் புடிச்சுக்குவாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றது? அந்த ஆபீசுலயும் நீ என்னைக் காட்டிக் குடுக்கல. நாந்தான் சொன்னேன்னு எந்திரிச்சு நிக்கக்கூட எனக்குத் தெம்பில்ல. எந்த மொகத்தை வெச்சுட்டு உன்னைப் பாக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் கையை விடவில்லை.

உதட்டில் நேராக்கியதைப் பழையபடி மாற்றிவிட்டு, ஜன்னல் கம்பியும் அண்ணனும் கீழே கொடியில் தெரிந்த பாதித் துணியுமாக அப்படியே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பிளக்ஸ் கடைக்காரர் போன் செய்தார். பின்னால் துணியெல்லாம் தெரிகிறது, வாயும் கோணலாக இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நீல வானம் போட்டுச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டார். ஒன்றிலும் கை வைக்கக் கூடாது என்று கத்தினேன். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.